கொளுத்திப் பார்க்கிற அக்கா

அந்த அக்கா எதையும் கொளுத்திப் பார்த்த பிறகுதான் நம்புவாள்.

முதன்முதலாகச் சந்தித்த அன்றே என் துப்பட்டாவின் ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்துவிட்டாள். காஞ்சிபுரத்தில், பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் இருந்த ஒரு மருந்துக் கடையில் அப்போது நான் வேலை பார்த்தேன். இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பார்மஸி டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்த வேலை. வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனேன். துப்பட்டா புதிது. பட்டு கலந்தது என்று சொல்லி விற்றிருந்தார்கள். அதை நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா கைப்பையைத் திறந்து தீப்பெட்டியை எடுத்தாள்.

"பாரு, சுருண்டு உருண்டையா ஆயிடுச்சு. பிளாஸ்டிக் வாசனை வருதா? பட்டுன்னா முடி பொசுங்குற நாத்தம் வரணும். சாம்பல் விரல்ல வெச்சுத் தேச்சா பொடியாப் போயிடணும். இது பாலியஸ்டர்மா. உன்ன நல்லா ஏமாத்தியிருக்கான்."

மருந்துக் கடைக்குள் தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்று சொல்லி, ஸ்பிரிட் பாட்டில்கள் இருந்த தட்டைக் காட்டினேன்.

"அய்ய, பயந்துட்டியா?" என்று சிரித்தாள்.

அவளுக்கு முப்பது வயது இருக்கும். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் வீடு. அப்பாவை நைனா என்பாள். ஒரு பெரிய புடவைக் கடையில் ஏழு வருடமாக வேலை செய்தாள். கடை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் கடையில் நிற்பாள். பாதி நாள் எதுவும் வாங்க மாட்டாள்.

தலைவலித் தைலம் கேட்டால், "நல்லா எரியறதா குடு" என்பாள். முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்த நாளில் எரிச்சல் தராத மருந்தை எடுத்து வைத்தேன். அதைத் தள்ளிவிட்டு ஸ்பிரிட் கேட்டாள். பஞ்சில் நனைத்து அங்கேயே வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, "இப்பத்தான் வேலை செய்யுது" என்றாள். ஒருமுறை அவளுடைய கல்யாணத்தைப் பற்றி எங்கள் முதலாளி சாடையாகக் கேட்டார். அவள் கல்யாணமாகி இரண்டு வருடத்தில் திரும்பி வந்தவள் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

"அதுவும் பாலியஸ்டர்தான் சார்" என்றாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அவளுக்கு இருந்த ஒரே ஆசை புடவைக் கடையின் மாடி. கீழ்த்தளத்தில் ஆண்கள்தான் பேசுவார்கள். பெண்கள் புடவையை எடுத்துத் தர வேண்டும், தோளில் போட்டுக் காட்ட வேண்டும், மடிக்க வேண்டும். யாராவது 'இது சுத்தப் பட்டுதானா' என்று கேட்டால், சேல்ஸ்மேன் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு இழையை எடுத்துக் கொளுத்திக் காட்டுவார். அக்காவுக்கு அந்த இடத்தில்தான் வயிறு எரியும்.

"அவனுக்குப் பட்டப் பத்தி என்னா தெரியும்? குச்சிய நேரா நிமித்திப் பிடிக்கிறான். நூலு கருகி பொக மூஞ்சில அடிக்குது. சாய்ச்சுப் பிடிக்கணும். நான் பக்கத்துல பொம்மையாட்டம் நின்னுக்கினு இருக்கேன்."

மாடியில் கல்யாணப் புடவைகளுக்கென்று தனித் தளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே பேசுவதற்கு ஒரு பெண் வேண்டும், மணப்பெண்கள் பெண்களிடம்தான் மனம்விட்டுக் கேட்பார்கள் என்று புடவைக் கடை முதலாளி வீட்டில் முடிவாகியிருந்தது. அக்காவின் பெயரைச் சொல்லியிருந்தார்கள். மாடிக்குப் போனால் தீப்பெட்டி அவள் கையில் இருக்கும். ஆனால் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தார்.

"மாடியில ரெண்டு பக்கமும் கண்ணாடி, மேல வரிசையா டியூப்லைட்டு. புடவைய பாக்குறவங்க உன் முகத்தையும் பாப்பாங்க. கொஞ்சம் பாத்துக்கம்மா."

அன்று சாயங்காலம் அவள் எங்கள் கடைக்கு வந்து, கண்ணாடி அலமாரியில் தெரிந்த தன் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சல்லடையாட்டம் இருக்குது பாரு. இந்த ஓட்டைங்கள மூடறதுக்கு ஒரு மருந்து குடு."

மூக்கின் இரு பக்கமும் கன்னத்திலும் தோல் துளைகள் அகலமாகத்தான் இருந்தன. எண்ணெய் வழியும் தோலில் அப்படித்தான் இருக்கும்.

"மூடாதுக்கா. அதுக்குக் கதவு கெடயாது. உள்ள எண்ணெயும் செத்த தோலும் அடைக்காம பாத்துக்கிட்டா சின்னதாத் தெரியும். அவ்வளவுதான்."

"அவ்ளோதானா? இத சொல்லவா ரெண்டு வருஷம் படிச்ச?"

செவ்வாய்க்கிழமைகளில் சென்னையிலிருந்து வந்து பக்கத்துத் தெருவில் உட்காரும் தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் ஒரு ஜெல் எழுதிக்கொடுத்தார். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது. மெதுவாகத்தான் வேலை செய்யும், தவறாகப் பூசினால் புண்ணாக்கும். ஜெல்லை எடுத்துக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல மாத்திரைக் கவரின் பின்பக்கத்தில் எழுதினேன். எனக்கு எதையும் எண் போட்டு எழுதித்தான் பழக்கம். அதனால் அவள் என்னை லிஸ்ட்டம்மா என்றே கூப்பிட்டாள். ஒன்று, இரவில் மட்டும். இரண்டு, முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு. மூன்று, முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு. நான்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஐந்து, முதல் சில வாரங்கள் லேசாக எரியும், தோல் உரியும், பயப்பட வேண்டாம். ஆறு, பகலில் குடை.

அவள் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். ஐந்தாவது வரியில் விரல் நின்றது.

"எரியுமா?"

"லேசா."

"அப்போ நல்ல மருந்துதான்."

சிரித்துக்கொண்டே போனாள். நானும் சிரித்தேன். அன்று எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

நான்காம் நாள் வந்தாள். "எரியவே இல்லியே. டூப்ளிகேட்டா?" என்றாள். இரண்டு முறைதானே பூசியிருக்கிறாய், பொறு என்றேன். வித்தியாசம் தெரிய எட்டு வாரம், பத்து வாரம்கூட ஆகும் என்றேன்.

"பத்து வாரமா? மாடி தொறக்க அஞ்சு வாரம்தான் இருக்குது லிஸ்ட்டம்மா."

அதன் பிறகு அவள் வருவது குறைந்தது. வந்தாலும் தெருவிலிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போனாள். முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள். தூசிக்கு என்று நினைத்தேன். பிறகு நான்கு நாள் அவளைக் காணவே இல்லை. ஐந்தாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தேன்.

வீட்டின் பின்கட்டில் அடுப்பில் செம்பு அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. நைனா நீளமான கழியில் மாட்டிய பட்டு நூலைத் தண்ணீரில் முக்கித் திருப்பிக்கொண்டிருந்தார். புதுப் பட்டு நூலில் இயற்கையாக ஒரு பசை இருக்கும். சோப்பும் சலவைச் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து அதை எடுத்தால்தான் நூல் மிருதுவாகும், சாயம் பிடிக்கும். கடைசியில் புளிப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் மினுமினுப்பு வரும். இதெல்லாம் அக்கா எனக்குப் பல தடவை சொன்னதுதான்.

"மருந்துக் கட பொண்ணா? வா. உள்ள உக்காந்துக்கினு இருக்குறா, போய்ப் பாரு" என்றார் நைனா. "ஊருல ஒவ்வொருத்தி மூஞ்சிக்கு என்னென்னமோ வாங்கிப் பூசறா. இவ என் சோடா டப்பாவுல கைய வெச்சிருக்கா."

அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பச் சொன்னேன். திரும்பினாள்.

கன்னம் இரண்டும் மூக்கும் வெந்திருந்தன. மூக்கின் ஓரங்களில் தோல் பிசிறு பிசிறாக நின்றது. வாயோரம் வெடித்து நீர் கசிந்தது. நெற்றி மட்டும்தான் அவளுடைய பழைய நெற்றியாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, என்னென்ன செய்தாய் என்று வரிசையாகக் கேட்டேன். அவளும் வரிசையாகத்தான் சொன்னாள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசியதில் எரியவில்லை. தினமும் பூசினாள். அப்போதும் எரியவில்லை. பட்டாணியைச் சுண்டைக்காய் ஆக்கினாள், பிறகு நெல்லிக்காய். கொஞ்சம் காந்தியது, போதவில்லை. மேலே பசை இருப்பதால்தான் மருந்து உள்ளே இறங்கவில்லை என்று தோன்றியது. நூலுக்குச் செய்வதை முகத்துக்கும் செய்தாள். சோப்பு, அதன் மேல் சோடாத் தண்ணீர். துடைத்துவிட்டு ஜெல். விடிந்ததும், மினுமினுப்புக்கு எலுமிச்சம்பழம்.

"ஏன்க்கா?" என்றேன்.

தலையணைக்கு அடியிலிருந்து என் மாத்திரைக் கவரை எடுத்தாள். மடித்து மடித்து நைந்திருந்தது.

"அஞ்சாவது பாரு. எரியும், உரியும், பயப்படாதேன்னு நீதான எழுதின? எரியல. எரியற வரைக்கும் போட்டேன். எரிஞ்சதும் பயப்படல."

என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோணல் இல்லாத எழுத்து. ஆறு வரியிலும் ஒரு பிழை இல்லை. எரிந்தால் நிறுத்து என்று மட்டும் ஒரு இடத்திலும் எழுதவில்லை.

நைனா வாசற்படியில் வந்து நின்றார். ஈரக் கையில் கொஞ்சம் நூல். "அளவு மீறி வெந்தா இப்படித்தான் ஆகும்" என்று இரண்டு விரலால் இழுத்துக் காட்டினார். பஞ்சு பஞ்சாகப் பிரிந்து அறுந்தது. "போன பசை திரும்பி வராது. இந்த நூல் இனி தறிக்கு ஆகாது."

அக்காவின் கண் என்மேல் இருந்தது.

"பட்டுக்கு வராது" என்றேன். "தோலுக்கு வரும். அது உயிரோட இருக்குது. தன் பசைய அதுவே செஞ்சுக்கும். நாம தொடாம இருக்கணும்."

"எத்தன நாளு?"

"மாடி எப்பத் தொறக்குது?"

"இன்னும் ஒம்போது நாளு."

கணக்குப் போட்டேன். சிவப்பு அடங்கும். உரிவது முழுக்க நிற்காது. அதை அப்படியே சொன்னேன். பிறகு இன்னொரு கவரை எடுத்து எழுதினேன். ஜெல் நிறுத்தம். சோப்பு, சோடா, எலுமிச்சை கூடாது. பச்சைத் தண்ணீர் மட்டும். வாசனை இல்லாத வெள்ளைக் களிம்பு, காலையும் இரவும். குடை. அடுப்பு அருகே போகக் கூடாது. கடைசி வரியை நிறுத்தி, யோசித்து, அழுத்தி எழுதினேன்: எரிச்சல் தருகிற எதையும் முகத்தில் போடக் கூடாது.

அவள் படித்தாள். "அதாவது, எரியலன்னா போடலாம்."

அவள் ஒப்புக்கொண்டதில் எனக்கு நிம்மதி. "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த சில நாட்கள் தினமும் சாயங்காலம் வந்தாள். நான் அவளைக் கடை விளக்குக்கு நேராக நிறுத்தி, தாடையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அவளுக்குப் பெரிய தண்டனை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். "ஒண்ணுமே ஆகலன்னா பயமா இருக்குது. ஏதாவது காந்தினாலாவது தேவல" என்பாள். வாயோர வெடிப்பு ஆறியது. கன்னத்துச் சிவப்பு இளஞ்சிவப்பானது. மூக்கில் மட்டும் தோல் உரிந்துகொண்டே இருந்தது.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது வந்தவள் முகத்தைக் காட்டவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். அதில் ஒரு களிம்பின் பெயர் இருந்தது.

"மேனேஜர் இன்னிக்கி என் மூஞ்சியப் பாத்துட்டாரு. கீழ இன்னொரு பொண்ணு இருக்கால்ல, அவளயும் புடவ கட்டிக்கினு வரச் சொல்லியிருக்காரு. அன்னிக்கிக் காலையில யார் மூஞ்சி நல்லா இருக்குதோ அவங்களாம். இது போட்டா ரெண்டே நாளுல கண்ணாடியாட்டம் ஆயிடும்னு பார்லர்ல சொன்னாங்க. ஆகுமா?"

"ஆகும்" என்றேன்.

நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்திருந்தாள். "அப்போ குடு."

"இது ஸ்டீராய்டுக்கா. முதல்ல எல்லாத்தையும் அடக்கிடும். வெளுப்பாவும் காட்டும். ரெண்டு மூணு மாசத்துல தோலு மெலிஞ்சு காகிதமாட்டம் ஆயிடும். நரம்பு தெரியும், பரு வரும். நிறுத்தினா இப்ப இருக்கறதவிட மோசமா திரும்பி வரும். நிறுத்தவே முடியாம போட்டுக்கிட்டே இருப்ப."

முதலாளி பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "கேக்கறாங்கள்ல, குடும்மா. நாம குடுக்கலன்னா எதிர்க் கடையில குடுப்பான்."

"டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது சார்."

"என்னமோ இதுதான் இந்த ஊருல மொத தடவையாட்டம்."

நான் அசையவில்லை. அந்தக் களிம்பு எனக்குப் பின்னால் இரண்டாவது தட்டில், இடது ஓரத்தில் இருந்தது. அது அங்கே இருப்பது அக்காவுக்கும் தெரிந்தது.

"ஏழு வருஷம்பா" என்றாள், மெதுவாக. "ஏழு வருஷமா மடிச்சுக் குடுத்துக்கினு இருக்கேன்."

"தெரியும்க்கா."

"ஒன்னால ஆனது இது. அதயாவது நெனச்சுப் பாரு."

அப்படியும் நான் கொடுக்கவில்லை. அவள் காகிதத்தைத் திரும்ப மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். எதிர்க் கடைப் பக்கம் போகிறாளா என்று எட்டிப் பார்த்தேன். நேராக வீட்டுப் பக்கம்தான் நடந்தாள். அடுத்த இரண்டு நாளும் வரவில்லை.

திறப்பு விழா அன்று முதலாளியிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். மாடிப்படி முழுக்க மல்லிகைச் சரம். மேலே அவள் சொன்னதைப் போலவே இரண்டு பக்கமும் கண்ணாடி, பகலிலும் எரிகிற டியூப்லைட்டுகள். நடுவில் வெள்ளை விரிப்பு. விரிப்பில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அரக்கு நிறப் பட்டு கட்டியிருந்தாள். எதிரே ஒரு மணப்பெண்ணும் அவள் அம்மாவும்.

முகம் கண்ணாடியாக இருந்தது. ஒரு உரிசல் இல்லை, ஒரு சிவப்பு இல்லை. மூக்கோரத்துத் துளைகளைத் தேடினேன். அவைகூட மங்கிவிட்டிருந்தன. அந்த வெளுப்பு எந்தக் களிம்பில் வந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மா கேட்டார், "சுத்தப் பட்டுதானாம்மா?"

அக்கா முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு இழையை எடுத்தாள். குச்சியைக் கிழித்து, சாய்த்துப் பிடித்தாள். முடி பொசுங்கும் வாசனை வந்தது. சாம்பலை மணப்பெண்ணின் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னாள். "பொடியாப் போச்சா? பயப்படாம கட்டிக்கோ" என்றாள். அவள் அவ்வளவு நிதானமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. சுற்றி நின்ற சேல்ஸ்மேன்கள்கூடக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். கன்னத்தை என் பக்கம் திருப்பி, காதருகே குனிந்தாள்.

"எரியவே இல்லபா. துளிகூட. நீ எழுதினதுதான்."

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க முடியும் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அன்று, "புடவை நல்லா இருக்குதுக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

பிறகு கடைக்கு வந்தபோதெல்லாம் சொன்னேன். அந்தக் களிம்பைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் கேட்டு மெதுவாக நிறுத்த வேண்டும் என்றேன். "முகூர்த்தமெல்லாம் முடியட்டும்" என்பாள். ஒரு முகூர்த்த மாதம் முடிந்து அடுத்தது வந்தது. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பத்தார் அவளைக் கேட்டுத்தான் மாடி ஏறினார்கள் என்று சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் கன்னத்தில் மெல்லிய சிவப்புக் கோடுகள் ஓடியிருப்பதைப் பார்த்தேன். அடுத்த முறை தாடையில் பருக்கள். அதற்கடுத்த முறை வெயிலில் வந்தவள் மின்விசிறிக்கு நேராகப் போய், வெகுநேரம் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். டியூப் எத்தனையாவது என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தாள். கையில் தோல் மருத்துவரின் சீட்டு. நான் கேட்காமலே போயிருக்கிறாள்.

"நேத்து புடவ வாங்க வந்த ஒரு அம்மாவுக்குக் கொளுத்திக் காட்டினேன்" என்றாள். "குச்சி எங்க இருக்குது, என் மூஞ்சி எங்க இருக்குது. முழங்கை தூரம். பத்த வெச்சதும் கன்னம் காந்துது. அடுப்புல மூஞ்சிய வெச்சாப்புல. குச்சி நழுவப் பாத்துது. அந்தம்மா புடவைய வெடுக்குனு இழுத்துக்கினு, 'உனக்கு என்னம்மா ஆச்சு மூஞ்சில?'ன்னு கேட்டாங்க. பட்டப் பத்தி ஒண்ணும் கேக்கல."

சீட்டை வாங்கிப் படித்தேன். ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த எழுதியிருந்தார். நிறுத்தும்போது முகம் என்ன ஆகும் என்றும் அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். சில மாதங்கள் வெந்து, வீங்கி, பிறகுதான் ஆறத் தொடங்கும்.

"அந்த மூஞ்சியோட மாடியில நிக்க முடியாது" என்றாள். "மேனேஜர்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன். மடிக்கிற ரூமுக்கு அனுப்புங்கன்னு."

"இடத்த வெச்சிருப்பாங்களா?"

"எப்படி வெப்பாங்க? அந்தப் பொண்ணு நாளைலேர்ந்து மேல போவுது. குச்சிய எப்படிச் சாய்க்கணும்னு நான்தான் காட்டிட்டு வந்தேன்." விரலை நேராக நிமிர்த்திக் காட்டினாள். "நேரா பிடிக்கிறா, சனியன்."

மருந்துகளை எடுத்து வைத்தேன். கவரைத் திருப்பி, பேனாவின் மூடியைத் திறந்தேன். அவள் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள்.

"நீ எழுதாத. நீ ஒண்ணு எழுதுற, நான் ஒண்ணு படிக்கிறேன். நீ சொல்லு. நான் எழுதறேன்."

கவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கண்ணாடி மேஜைமேல் முழங்கையை ஊன்றி, குனிந்து, ஒன்று என்று போட்டாள். நான் சொல்வதற்கு வாயைத் திறப்பதற்குள் எழுதத் தொடங்கிவிட்டாள். பெரிய பெரிய எழுத்து. எழுதி முடித்து ஒருமுறை படித்தாள், முன்னால் ஒரு சொல்லை நெருக்கிச் சேர்த்தாள், பிறகு என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

1. மூஞ்சிய கொளுத்திப் பாக்கக் கூடாது.

"சரியா?" என்றாள்.

"சரி."

"அப்புறம் என்னா பாத்துக்கினு நிக்கற? ரெண்டாவது சொல்லு."